கல்யாணத்தன்று எரியாத ஃப்ளாஷ்

என் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தைவிட, அந்தக் கேமராவின் மூன்றுகால் ஸ்டாண்டு எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் வந்து நின்ற நேரம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் முறைப்பார். என்ன செய்ய? மணவறையில் உட்கார்ந்திருந்த எனக்கு மாப்பிள்ளையைப் பார்ப்பதைவிட, படக்காரர் அந்தக் கால்களை எப்படி நீட்டுகிறார், எந்தத் திருகைத் திருகுகிறார் என்று பார்க்கத்தான் ஆசை. “பொண்ணு தலையக் குனிய மாட்டேங்குதே” என்று மாமியார் என் பின்னந்தலையைப் பிடித்து அழுத்தினார். கையை எடுத்ததும் நான் மறுபடி நிமிர்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். படம் எடுக்க வந்தவர் பதுளையில் ஸ்டூடியோ வைத்திருந்த நானா. முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த வருஷங்களில் அவர் கடையில் கல்யாணப் படத்தைவிட பாஸ்போர்ட் படம்தான் அதிகம். இந்தியாவுக்குப் போகிற சனம் குடும்பம் குடும்பமாக அங்கே போய் நின்றது. என் அம்மாவும் அண்ணனும் அப்படி நின்றவர்கள்தாம். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இந்தியா என்று ஆகிவிட்டது. என் மாப்பிள்ளை வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஆகவே கல்யாணம் முடிந்ததும் நான் இங்கே, அம்மா அங்கே. தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் எப்போது பார்ப்போம் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு வேண்டியதெல்லாம், நானும் அம்மாவும் சேர்ந்து நிற்கிற ஒரே ஒரு படம். பாஸ்போர்ட் படத்தில் அம்மா போலீஸ் பிடித்து நிறுத்திய மாதிரி முழிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டா காலம் தள்ளுவது? ஆனால் அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சீலை. எங்கள் சனத்தில் தாலி அறுத்தவர்கள் நல்ல காரியத்தில் முன்னே வர மாட்டார்கள், சொந்த மகளின் கல்யாணமே ஆனாலும். காலையிலிருந்து அவள் எங்கள் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறையின் மூலையில், இந்தியாவுக்குக் கட்டிவைத்த மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே மேளம் கொட்டிய சத்தத்தைக் கேட்டு, இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாளாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணப் பெண் ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தாலி கட்டி முடிந்ததும் கூட்டப் படம். தோட்டத்து வழக்கப்படி நடு நாற்காலியில் கங்காணியார் கால்மேல் கால் போட்டு உட்கார, அவருடைய ஆட்கள் சுற்றி நிற்க, பெண்ணும் மாப்பிள்ளையும் ஓரத்துக்குப் போய்விட்டோம். நானா கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, “கலியாணம் கங்காணியாருக்கா, இந்தப் புள்ளைக்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியாரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, என் ஆசையை நானாவின் காதில் போட்டேன்.

அவர் நேரே காம்பரா வாசலுக்குப் போனார். “அம்மா, மகளோட ஒரு படம் எடுப்பமா?”

“வேணாங்க தம்பி. புள்ள நல்லா இருக்கட்டும். நான் பக்கத்துல நிக்கக் கூடாது.”

மாமியார் தரையைப் பார்த்தார். பரவாயில்லை, வாங்க என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. நானாவும் வற்புறுத்தவில்லை. வானத்தைப் பார்த்தார், காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. நானா என்னையும் மாப்பிள்ளையையும் காம்பராவுக்குள், வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கேமராவில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஃப்ளாஷ் எரியுதில்ல. வாசல் வெளிச்சத்துலதான் எடுக்கணும். பொண்ணுட இந்தப் பக்கத்துக் கன்னம் இருட்டாக் கெடக்கு. வெள்ளையா ஏதாச்சும் புடிச்சா வெளிச்சம் பட்டுத் திரும்பும்.” யாரோ ஒரு வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். “இது பழுப்பாயிருக்கே” என்று ஒதுக்கிவிட்டு மூலையைப் பார்த்தார். “அம்மா, ஒங்க சீலைதான் சரி. இப்பிடி வந்து முந்தானைய விரிச்சுப் புடிங்க. படத்துல விழ மாட்டீங்க.”

படத்துக்கு வரச் சொன்னால் வராதவள், வேலை என்றதும் எழுந்து வந்துவிட்டாள். என் இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். “மாப்பிள்ள, இங்க பாருங்க” என்றார் நானா. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கேமராவப் பாரு புள்ள” என்று அம்மா அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்த நேரத்தில்தான் நானா விசையை அமுக்கினார்.

அடுத்து, அதே இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்தி ஒரு படம். ஃப்ளாஷ் பளீரென்று எரிந்தது! நான் விருட்டென்று திரும்பி நானாவைப் பார்த்தேன். அவர் மும்முரமாகக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கல்யாணங்களில் மணமக்களைவிடப் படம் பிடிக்கிறவர்கள் அதிகம். நானும் விடாமல் அவர்களையே வேடிக்கை பார்க்கிறேன். கோணம் பார்க்கிறார்கள், வெளிச்சம் பார்க்கிறார்கள், மூலையில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த யோசனை நானாவுக்கு அப்போதுதான் தோன்றியதா, இல்லை இப்படிப் பல வீடுகளில் பல அம்மாமாரின் சீலையை விரிக்க வைத்தாரா? கேட்கத் துடித்த எனக்குக் கேட்க வாய்க்கவேயில்லை.

அந்தப் படத்தின் ஒரு பிரதி அம்மாவோடு கப்பல் ஏறியது. எண்பதுகளில் ஒருவழியாக நான் கூடலூருக்குப் போனபோது, அம்மா வீட்டுச் சுவரில் அது மாட்டியிருந்தது. மகள் வந்திருக்கிறாள் என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். “என்னக்கா, மக கல்யாணப் படத்துல ஒங்களக் காணோமே?”

அம்மா எழுந்து போய், படத்தில் என் இடது கன்னத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இந்தா வெளிச்சமா இருக்குல்ல, இதுதான் நான்.”