ஹானுஸ் இடம் மாற்றிச் சொன்ன கடற்பஞ்சு

ஃபாரோ தீவுகளில் ஒரு மீனவனிடம் அவன் குடும்பச் சண்டையைப் பற்றிக்கூடக் கேட்கலாம். மீன் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும். அது பொய் என்று கேட்டவனுக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் வலை எங்கே கிழிந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மீனை மறைக்கலாம், ஆபத்தை மறைக்கக் கூடாது. வெஸ்ட்மன்னா துறைமுகத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. கேப்டன் ஹானுஸ் தன் வாழ்நாளில் அதை ஒரே ஒரு முறைதான் மீறினார்.

மற்றபடி அவரைப் போல நல்ல மனிதரைத் தேட வேண்டும். பதினைந்து வயதில் கப்பல் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனவர், இருபத்தொன்பதில் கடல் தரையோடு வலையை இழுத்துப் போகும் இழுவலைப் படகு ஒன்றுக்குச் சொந்தமாகவே கேப்டனானார். முழங்கால் தேய்ந்து கரையேறிய பிறகு பதினொரு ஆடுகளும் மனைவி பெர்க்தோராவின் அதிகாரமுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், ஆடுகளாவது இரவில் தூங்கும் என்பார்.

அந்த ஒரு முறை நடந்தது 1987 கோடையில். புதிய இடம் தேடிப் போனவரின் வலை, கிழக்குச் சரிவின் ஆழத்தில் கனத்து நின்றுவிட்டது. மேலே இழுத்தால் மீன் இல்லை. கடல் தரையில் ஒட்டி வளரும் உயிரான கடற்பஞ்சு, நான்கு டன். மஞ்சளும் பழுப்புமாக, பெரிய பாலாடைக்கட்டி உருண்டைகளை யாரோ கடலில் கொட்டி வைத்ததைப் போல. அதனால்தான் எங்கள் ஆட்கள் அதைச் ‘சீஸ்’ என்கிறார்கள். நாற்றம் தாங்காது, அதிலுள்ள கண்ணாடி ஊசிகள் கையில் ஏறினால் ஒரு வாரம் அரிக்கும். எல்லாவற்றையும் வாரிக் கடலில் தள்ளிவிட்டு, கிழிந்த வலையை ஒட்டுப்போட்டு ஏழு மைல் தள்ளிச் சமதரையில் இறக்கினார். அங்கே அள்ள அள்ளச் சிவப்பு மீன்.

கிழிந்த வலையையும் நாற்றத்தையும் துறைமுகத்தில் எப்படி மறைப்பது? முதலில் வந்து கேட்டவன் தும்மாஸ். பக்கத்து வீடு, பக்கத்துப் படகு, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு.

“எங்கடா இவ்வளவு சீஸு?”

ஹானுஸ் வரைபடத்தில் விரலை வைத்தார். விரல் ஏழு மைல் தள்ளி, மீன் இருந்த சமதரையில் போய் நின்றது. ஏன் அப்படிச் செய்தார் என்று பின்னால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தும்மாஸ் எண்களைக் குறித்துக்கொண்டு, “நல்லா இருப்பே, என் வலையைக் காப்பாத்தினே” என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். ஒருவன் நோட்டிலிருந்து இன்னொருவன் நோட்டுக்கு அந்தக் குறி தாவியது. அந்தச் சமதரைப் பக்கம் யாரும் வலை போடவில்லை, ஹானுஸைத் தவிர.

அடுத்த ஜனவரியில் பெர்க்தோராவுக்குச் சிறுநீரகம் கெட்டது. எட்டு மாதம் கோபன்ஹேகன் மருத்துவமனையில் கிடந்தாள். ஹானுஸ் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று பிள்ளைகளையும் தும்மாஸின் மனைவி மாலன்தான் வந்து அழைத்துப் போனாள். குளிப்பாட்டி, பாடம் சொல்லி, எட்டு மாதமும் தன் பிள்ளைகளோடு சோறு போட்டாள். ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஹானுஸ் அந்த வீட்டுக்குள் நுழைவார். மேஜையில் தன் பிள்ளைகள் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வானிலையைப் பற்றிப் பேசிவிடுவார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்புவார். நாள் வருஷமானது, வருஷம் முப்பத்தைந்து ஆனது.

போன பிப்ரவரியில் மீன்வள ஆய்வாளர் ரன்வா வந்தாள். புதிய பெரிய கப்பல்கள் இரும்பு உருளை கட்டிய வலைகளோடு ஆழமான சரிவுகளுக்கு இறங்கத் தொடங்கியிருந்தன. அதற்கு முன் கடற்பஞ்சுத் தரைகளைக் கோடு போட்டு, இழுவலைக்கு மூடிவிட வேண்டும். ஆய்வுக் கப்பலுக்கு நாள் போதாது. அதனால் கேப்டன்களின் குறிகளைத் திரட்டி வரைபடம் செய்திருந்தாள்.

துறைமுகக் கூடத்தில் திரையைக் காட்டி, “இந்தப் பக்கம் சந்தேகமே இல்லாத இடம் இதுதான். முப்பத்தொரு படகுல ஒரே குறி” என்றாள்.

ஹானுஸின் சமதரை! கூடமே தலையாட்டியது.

“தாராளமா மூடிக்கோம்மா. அங்க எவன் போறான்?” என்றான் ஒருவன்.

“முப்பத்தஞ்சு வருஷமா சுத்திக்கிட்டுத்தானே போறோம்” என்றான் இன்னொருவன்.

தும்மாஸ் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். ஹானுஸுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதை.

பிறகு ரன்வா வடக்குச் சரிவில் கேமரா இறக்கி எடுத்த படத்தைப் போட்டாள். நாற்பது வருஷம் கடலில் இருந்த ஹானுஸ் செத்த கடற்பஞ்சைத்தான் பார்த்திருக்கிறார். இப்போதுதான் உயிரோடு பார்த்தார். இருட்டுக்குள் வெளிச்சம் விழ, உருண்டை உருண்டையாக அமைதியாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மடியிலும் விரல் நீளச் சிவப்பு மீன் குஞ்சுகள் ஒண்டிக்கொண்டிருந்தன.

“ஒவ்வொண்ணும் நம்ம தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேருந்து இருக்கும். ஒரு தடவை வலை உருண்டா போச்சு, நம்ம ஆயுசுல திரும்ப வராது. அடுத்த வியாழக்கிழமை கோடு எங்கேன்னு முடிவு பண்ணிடலாம்” என்றாள் ரன்வா.

வீட்டில் ஹானுஸ் சாப்பிடவில்லை. பெர்க்தோரா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என்ன, பேயைக் கண்ட மாதிரி உக்காந்திருக்கே?”

அவர் சொன்னார். முதல் முறையாக, முழுவதும்.

“வாயை மூடிட்டு இருந்தா யாருக்கும் தெரியாது. ஆனா உண்மையான இடத்துல அந்தப் பெரிய கப்பல்காரன் வந்து உழுதுடுவான்” என்றார்.

“சொன்னா?”

“தும்மாஸ் என் மூஞ்சியிலே முழிக்க மாட்டான். மாலன் உசிரோட இல்லைங்கிறதுதான் ஒரே ஆறுதல்.”

“அவ கை சோறுதான் என் பிள்ளைங்களை வளர்த்துச்சு. நீ போய்ச் சொல்லு. அவன் பேசலைன்னா பேசாம இருக்கட்டும், நாம நன்றியோட இருப்போம்” என்றாள் பெர்க்தோரா.

வியாழக்கிழமை கூடத்தில் ஹானுஸ் எழுந்து நின்றார்.

“அந்த இடத்துல சீஸ் இல்லை. நான் மாத்திச் சொன்னேன். அங்க நல்ல தரை, நல்ல மீன். சீஸ் இருக்கிறது ஏழு மைல் கிழக்கே, ஐந்நூத்தம்பது மீட்டர் ஆழத்துல.” பழைய நோட்டை மேஜையில் வைத்தார். “எண்ணெல்லாம் இதுல இருக்கு.”

பின்வரிசையிலிருந்து, “முப்பத்தஞ்சு வருஷம் நாங்க எரிச்ச டீசலுக்கு என்னய்யா பதில்?” என்று ஒரு குரல். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. ரன்வா நோட்டைப் புரட்டினாள்.

“இது வேற யாருக்காவது தெரியுமா?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தும்மாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஆய்வுக் கப்பல் எப்படியோ ஒரு நாள் ஒதுக்கிக் கிழக்குச் சரிவில் கேமராவை இறக்கியது. இருந்தன. 1987இல் ஹானுஸின் வலை உருண்ட தடம் இன்னும் வழுக்கையாகத் தெரிய, அதற்கு இரு புறமும் கண்ணுக்கெட்டிய வரை கடற்பஞ்சு. தொலைபேசியில் அதைச் சொன்னபோது ரன்வாவின் குரல் துள்ளியது. கோடு அங்கே விழுந்தது. சமதரை எல்லாப் படகுக்கும் திறந்தது. ஹானுஸ் சந்தோஷப்பட்டார், ஆனால் பக்கத்து வீட்டுக் கதவு ஆறு வாரமாக அவருக்குத் திறக்கவில்லை. தும்மாஸ் கடலுக்குப் போவான், வருவான், வேலிக்கு அந்தப் பக்கமாகவே நடப்பான்.

ஏப்ரலில் ஒரு காலை, கதவைத் திறந்த பெர்க்தோரா கைப்பிடியில் ஒரு பை தொங்குவதைப் பார்த்தாள். உள்ளே நாலு சிவப்பு மீன், அன்று பிடித்தது. படியில் தும்மாஸ் நின்றுகொண்டிருந்தான்.

“போன தடவைக்கு நன்றி” என்றான்.

யார் வீட்டுக்குப் போனாலும் போன சந்திப்புக்கு நன்றி சொல்லித்தான் இங்கே பேச்சைத் தொடங்குவார்கள். ஆனால் இவர்களுடைய போன தடவை அந்தக் கூடம்தானே! மனைவியின் பின்னால் வந்து நின்ற ஹானுஸ் கதவை அகலத் திறந்தார்.

“உன் தரைக்குப் போயிருந்தேன். நல்ல தரைதான்” என்று தும்மாஸ் பூட்ஸைக் கழற்றினான்.

“தும்மாஸ், நான் உனக்குப் பண்ணினது…”

“எண்பத்தெட்டு பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும்டா. காத்து தள்ளி என் வலை அங்க இறங்கிடுச்சு. மேல வந்தா ஒரு துளி சீஸ் இல்லை, வலை நிறைய மீன். உன்னைக் கொன்னுடலாம்னு கொதிச்சுக்கிட்டே எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். உன் மூணு பிள்ளைங்களும் எங்க மேஜையில உக்காந்திருந்துச்சுங்க. மாலன்கிட்ட சொன்னேன். ‘பெர்க்தோரா பிழைச்சு வர்ற வரைக்கும் அந்தத் தரை அவனுக்கு இருக்கட்டும்’னா. அப்புறம் அவ பிழைச்சு வந்துட்டா. எனக்கும் பழகிப் போச்சு. என் பசங்ககிட்டேயும் அது சீஸுன்னே சொல்லி வெச்சேன்.”

“அப்ப ஏன்டா எழுந்து போனே?”

“வேற யாருக்காவது தெரியுமான்னு அந்தப் பொண்ணு கேட்டாளே! உன் பேரைக் காப்பாத்த, தப்பான இடத்துக்குத்தான் கை தூக்கணும்னு முடிவோட வந்தவன் நான். நீ எழுந்து சொல்லிட்டே. எனக்கும் தெரியும்னு சொல்லத் தைரியம் இல்லை, உன் மூஞ்சியில முழிக்கவும் வெக்கம். நேத்துதான் ரன்வாகிட்ட போன்ல ஒத்துக்கிட்டேன்.”

பெர்க்தோரா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலன் இறந்து ஒன்பது வருஷம். அந்தத் தரையை விட்டுக்கொடுத்ததற்கான இந்த ஒரு நன்றியை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஹானுஸ் பழைய நண்பனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அழுகையை அவர் மறைக்கவில்லை.

மீனைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு, பெர்க்தோரா நாலு தட்டு எடுத்து வைத்தாள். இருந்ததோ மூன்று பேர். யாரும் அதைத் திருத்தவில்லை.