மணல் கலந்த நாலு பாத்தி

சண்டை முடிந்து ஊரில் மீளக் குடியேறிய மூன்றாம் மாரியில், விதை உருளைக்கிழங்கு தருவதாக விவசாயக் கந்தோரிலிருந்து படிவம் வந்தது. எங்கள் வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'மண்ணின் வகை' என்ற இடத்தில் 'மணல் கலந்தது' என்று எழுதினேன். பாப்பாமோட்டையில் எங்கள் நிலம் நெல்லுக்கேற்ற களிமண். உண்மையை எழுதினால் கிழங்கு கிடைக்காது என்று பயந்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அப்பா ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கையெழுத்து வைத்தார். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை.

கிழங்கு கொடுத்த அன்று அம்மா சாக்குக்குள் கையை விட்டு, கோழிமுட்டை அளவில், குட்டையாய்த் தடித்த முளை உள்ளதாகப் பொறுக்கினார். முளை மெலிந்து நீண்டவற்றைத் திரும்பப் போட்டார்.

"என்னக்கா, மாப்பிள்ளையே பாக்கிறியள்?" என்றாள் வரிசையில் பின்னால் நின்றவள்.

"மாப்பிள்ளையெண்டால் இவ்வளவு பாக்கமாட்டன்."

அப்போதுதான் கிழங்கு கொடுத்த கந்தோர் அலுவலர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "களிமண்ணில வைச்சிடாதேங்கோ. தண்ணி நிண்டு அழுகிப்போகும். முளைச்சாப் பிறகு வந்து பாப்பன்."

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டுப் படலையடிக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"என்னெண்டு எழுதினனி?"

சொன்னேன்.

"என்ர கையெழுத்தெல்லோ கீழ கிடக்கு?"

கட்டுக்கரைக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் வளைவில் மழைவெள்ளம் மணலை ஒதுக்கியிருந்தது. பத்து நாள் அதை உரப்பையில் சுமந்தேன். அப்பாவும் சுமந்தார். மாட்டெருவும் உக்கிய வைக்கோலும் கலந்து நாலு பாத்தி உயர்த்தினோம். முளை முறியாமல் அம்மா கிழங்கைப் புதைத்தார். வயலுக்குத் தண்ணீர் கட்டியே பழகிய அப்பா, வாளியால் அளந்து ஊற்றும்போது, "பிள்ளைக்கு மருந்து பருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார். அத்தனை நாளில் என்னிடம் பேசியது அதுதான்.

பனி விழுந்த ஒரு காலை அலுவலர் வந்தார். செடிகள் முழங்காலளவு நின்றன. பாத்திக்குள் விரலை விட்டுப் பார்த்து, "நல்ல மண்," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அப்பா விடவில்லை. "ஐயா, மகன் எழுதினது இந்த நாலு பாத்திக்கு மட்டும்தான் சரி. அதுவும் எழுதேக்க சரியில்லை. மிச்சமெல்லாம் களி."

அலுவலர் பாத்தியை விட்டு இறங்கினார். செருப்பு களிச்சேற்றில் ஒட்டிக்கொண்டது.

"அப்ப இந்த மண்?"

"வாய்க்காலடியில இருந்து சுமந்தனாங்கள்."

செருப்பைப் பிடுங்கி எடுத்தபடியே சிரித்தார். "முளைச்சதை இனிப் பிடுங்கிக்கொண்டு போகேலுமே? செய்ததைச் செய்தமாதிரி எழுதித் தாங்கோ, தம்பி," என்று ஒரு வெறுந்தாளை நீட்டினார்.

பாத்தியோரம் குந்தியிருந்து எழுதினேன். கையெழுத்துக்காக அப்பாவிடம் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முதல் வாசி," என்றார்.