சித்திக்குக் கொடுத்த முட்டைகள்

எங்கள் வீட்டில் யாருக்கும் ‘இருக்கலாம்’ என்று பேசத் தெரியாது. ‘இதுதான்’ என்போம். அதில் எல்லோரையும் மிஞ்சியவள் அம்மாவின் தங்கை, என் சித்தி. கோழி நோய்களைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை பார்த்தாள். எந்தக் கிருமி சாது, எது கொலைகாரன் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. நானும் அந்த ரத்தம்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று பெட்டைகளும் ஒரு சேவலும் மேய்ந்துகொண்டிருக்கும். முட்டைகளைச் சித்தி லேபுக்கு எடுத்துப் போவாள். வந்தாலே அம்மாவிடம் ஒரே பாட்டு: “அக்கா, ஊருக்கே ஊசி போட்டாலும் இதுங்களுக்கு மட்டும் போட்றாத. ஊசி போடாத கோழி முட்டைதான் எனக்கு வேணும்.” ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த மாசியில் தெருமுனையில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போட்டார்கள். தெருவிலிருந்த கோழியெல்லாம் கூடையிலும் கோணியிலும் பவனி போக, எங்கள் கோழிகள் மட்டும் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தன. ஐயோ பாவம், இதுகள் மட்டும் என்ன வேண்டாத பிள்ளைகளா? எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, மூன்று பெட்டைகளையும் துணிக்கூடையில் அமுக்கிக்கொண்டு ஓடினேன். ஆளுக்கு ஒரு ஊசி ஆயிற்று. சேவல் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அம்மாவின் அண்ணன், என் மாமா, நெமிலிச்சேரிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஷெட்டில் கோழி வளர்த்துவந்தார். அதில் ஒரு ஷெட்டில் கோழிகள் அதே கழிச்சல் கண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு விழ ஆரம்பித்தன. கிருமி கொடியது என்றால், அன்றைக்கே அடுத்த ஷெட்டை ஆள் அண்டாமல் அடைத்து, அத்தனை கோழிக்கும் அவசர ஊசி போட வேண்டும். அந்த ஊசியிலேயே சில சாகும். சாதுக் கிருமிக்குப் போய் யார் அதைச் செய்வார்கள்? மாமா தங்கச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபில் எங்கள் முட்டைகள் ஒன்பது நாளாக அடைகாக்கும் பெட்டியின் சூட்டில் இருந்தன. செத்த கோழியிலிருந்து எடுத்த கிருமியைச் சித்தி அவற்றுக்குள் ஏற்றினாள். உள்ளே இருக்கிற கரு எவ்வளவு சீக்கிரம் சாகிறதோ, கிருமி அவ்வளவு கொடியது. இரண்டரை நாளுக்குள் செத்தால் கொலைகாரன், நான்கு நாள் தாண்டினால் சாது. தினமும் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போன் செய்வாள். “எல்லாம் உயிரோடதான் இருக்கு.” நான் குதிப்பேன்.

ஐந்தாம் நாள் சித்தி மாமாவிடம் தீர்ப்புச் சொன்னாள். “சாதுதான் ண்ணா. அடிச்சுச் சொல்றேன். ஊசி கீசியெல்லாம் வேணாம்.”

“நீ சொன்னா போதும்மா” என்றார் மாமா.

எங்கள் வீட்டு முட்டை கிருமியையே ஜெயித்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரத்துக்குள் மாமாவின் இரண்டாவது ஷெட்டும் காலி. ஒரு கோழி மிஞ்சவில்லை. சித்தி வேறிடத்து முட்டைகளை வாங்கி மறுபடி சோதித்தாள். இரண்டே நாளில் எல்லாக் கருவும் செத்துக் கிடந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “எங்க தப்புனு தெரியல ண்ணா” என்று சித்தி சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கண்ணு, என் கோழி மொத்தமும் பூட்ச்சு, உங்கூட்டுது மட்டும் ஜம்முனு மேஞ்சிகினு கீது?”

இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “நான்தான் மாமா ஊசி போட்டுகினு வந்தேன்! மாசில, முகாம்ல. அம்மாக்குக்கூடத் தெரியாது.”

சித்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். “ஐயோ! ஊசியோட எதிர்ப்புச் சக்தி முட்டைக்குள்ள இறங்கியிருக்கு ண்ணா. அதான் கரு சாகல. கிருமி கொடியதுதான்.”

கரு சாகவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா கையை ஓங்கினாள். மாமா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

“உடும்மா. கொயந்த நல்லதுதானே செஞ்சுது.”

என் தலையைத் தடவிவிட்டு, ஒரு வாய் குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். காபியில் சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, டம்ளரோடு ஸ்டேஷன் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன்.