துவர்க்குது

சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி எனக்கு வெற்றிலைபாக்கு வாங்கிக் கொடுத்தாள். பல்லில் கறை ஏறும் என்று கல்யாணமான நாள் முதல் அதைத் தடை செய்து வைத்திருப்பவள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாய் நிறைந்திருந்ததால் மூளைக்கு வேலை கொடுக்கவில்லை.

அங்கிருந்து செங்காங்கில் அவள் தம்பி வீட்டுக்குப் போனோம். மைத்துனன் வங்கி வேலையை விட்டுவிட்டு, பிரான்சில் அழியவிருந்த பழைய திராட்சை வகைகளின் சிவப்பு ஒயினை இறக்குமதி செய்யப் போகிறானாம். மறுநாள் காலை ராஜினாமா. அதற்கு முன் என் கருத்து தேவை. நிறையப் படிப்பவனுக்கு நாக்கும் நுட்பமாக இருக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

லிஃப்டில் மனைவி சொன்னாள்: "மனசுல பட்டதச் சொல்லுங்க, போதும்."

இதுவும் சந்தேகத்துக்குரியதே. என் மனத்தில் பட்டதை அவள் கேட்ட வரலாறு இல்லை.

முதலில் மொந்தூஸ் திராட்சை. கிளாஸுக்குள் மூக்கை விட்டேன், மிளகு வாசம். ரசம்தான், பருப்பை மட்டும் காணோம். அடுத்தது பெர்சான். நாவல்பழச் சாறு போலக் கறுப்பு. ஒரு வாய் குடித்ததும் இரண்டு கன்னங்களும் உள்பக்கம் ஒட்டிக்கொண்டன.

"துவர்க்குது. வாழைப்பூவ மோர்ல போடாம சமைச்ச மாதிரி."

நான் சொன்னது குறை. அவனோ துள்ளிக் குதித்தான்.

"அதான் மச்சான்! அந்தத் துவர்ப்புதான் டானின்! மத்தவங்கல்லாம் 'நைஸ் லா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் கரெக்டா புடிச்சீங்க. நாளைக்கே லெட்டர் குடுத்துடறேன்!"

மனைவியின் முகம் வெளுத்தது.

"டேய், அவரு வெத்தல போட்டிருக்காருடா. நாக்கப் பாரு!"

நீட்டினேன். ஒயினைவிடச் சிவப்பு.

"என்ன மச்சான் நீங்க! அப்ப துவர்க்கறது ஒயினா, பாக்கா?"

எனக்கே தெரியவில்லை. அவன் பாட்டிலை மூடினான். "அடுத்த ஞாயிறு வெறும் வாயோட வாங்க. அதுவரைக்கும் லெட்டர் குடுக்கல."

திரும்பும் ரயிலில் மனைவி கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு வெற்றிலைப் பொட்டலம்.

"இது எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமைக்கு."

"அதுக்குள்ள வாடிடுமே?"

"ஃபிரிஜ்ல வெப்பேன்," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.