லேமினேஷன் செய்த நோட்டுகள்

இன்று ஜெராக்ஸ் கடையில் சூடான பிளாஸ்டிக் வாடை அடித்ததும், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் தென்னூர் வீட்டின் மாடியறை நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் அப்பா அங்கே, தான் சேகரித்த பழைய ரூபாய் நோட்டுகளை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, அவற்றின் மெல்லிய சரசரப்பை என் காதருகே கேட்கவைப்பார். அவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், கரையான் அரித்துவிடக் கூடாதென்று அம்மா எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து வைத்தாள். உரித்தால் நோட்டும் சேர்ந்து கிழியும். "பத்திரமா வச்சிருக்கே" என்று மட்டும் சொன்ன அப்பா, பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"ஏங்க, இப்பல்லாம் எடுத்துப் பார்க்கறதே இல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ணு சரியா தெரியல" என்று அப்பா பொய் சொன்னார்.

அடுத்த மாதம் அம்மா ஆசையாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள்.