புகை காணாத வீடு

மலைக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள் எங்கள் வீட்டு உப்பு காணாமல் போயிற்று. ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பை மண்கலயத்தில் போட்டு, தட்டு வைத்து மூடி, அடுப்படி மூலையில் வைத்திருந்தேன். குழம்புக்கு எடுக்கலாம் என்று திறந்தால், கலயத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நின்றது. உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிவைக்கிற திருட்டை எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டதே இல்லை. சரிவுக்குக் கீழே குடியிருந்த ஞானம்மாளிடம் போய்ச் சொன்னேன். சொன்னபோது அவள் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்பது வேறு விஷயம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்னை அவள் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுப்புக்கு நேர் மேலே கயிற்றில் தொங்கிய சிரட்டையைக் காட்டினாள். புகையும் சூடும் படுகிற இடத்தில், அந்தத் தேங்காய்ச் சிரட்டைக்குள் உப்பு பொலபொலவென்று கிடந்தது. மலையில் உப்பைக் கீழே வைத்தால் ஈரம் குடித்துக் கரைந்துபோகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு நம்புவது கஷ்டம். நமக்கு மழை என்றால் விருந்தாளி. வருவார் வருவார் என்று வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கும். வந்தாலும் வாசலோடு போய்விடுவார். இங்கே மழை வீட்டு ஆள் மாதிரி. கேட்காமல் வருகிறது, போகச் சொன்னாலும் போகிறதில்லை. என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி மாட்டுவண்டியில் வந்தபோது, கணவாய்க் காற்று தலைச்சீலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அந்தப் பக்கம் பொட்டல், இந்தப் பக்கம் வயலும் வாழையும் குளமும். ராஜா வேறு, காசு வேறு. நம் அணாவைக் கொடுத்தால் சக்கரம் என்கிற அவர்கள் காசில் மீதி தருகிறார்கள். பேச்சு தமிழ்தான் என்றாலும் ராகம் போட்டுப் பேசுகிறார்கள். கீரிப்பாறைக்கு மேலே ஏற ஏறக் குளிர் வந்தது. பிறகு மூடுபனி வந்தது. அதற்குப் பிறகு பாதையே தெரியவில்லை.

வந்த மூன்றாம் மாதமே இந்த மலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. குறையும் சொல்லாமல் இருக்க முடியாது. துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாது. கடைசியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, உடம்பெல்லாம் புகைவாசனையோடு திரிவோம். காலில் அட்டை ஏறும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வற்றலும் வடகமும் பூசணம் பிடித்தன. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் ஓடைத்தண்ணீர் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் இரவும் பகலும் ஊறக் காத்திருந்தவள் நான். முதல் வாரம் அந்த ஓடையில் காலை வைக்கவே கூச்சமாக இருந்தது. யாருடைய தண்ணீரையோ வீணாக்குகிற மாதிரி. மரச்சீனி என்று இவர்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாயையும் உப்பையும் அம்மியில் நசுக்கித் தொட்டுத் தின்ன ஞானம்மாள்தான் பழக்கினாள். மழை கொட்டும்போது அதையும் கருப்பட்டிக் காப்பியையும் விட்டால் வேறு சொர்க்கம் கிடையாது. கம்பங்கஞ்சிக்கு நாக்கு ஏங்காமல் இல்லை. ஏங்கிக்கொண்டே கிழங்கைத் தின்றேன்.

ஞானம்மாளும் அவள் புருஷன் யேசுவடியானும் கல்குளம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவர் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மலையில் வீடுகள் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. அதனால் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஒவ்வொருவரும் மற்ற வீட்டுக் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். புகை எழுந்தால் சரி, அந்த வீட்டில் எல்லோரும் சுகம். புகை காணாவிட்டால் தன் அடுப்பிலிருந்து கனலை அள்ளிக்கொண்டு யாராவது புறப்பட்டுவிடுவார்கள். யாரும் போய்க் கேட்கவேண்டியதில்லை. இதை முதலில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் வீட்டு அடுப்பைப் பார்க்க இவர்கள் யார்? எங்கள் ஊரில் பஞ்ச காலத்தில் சமைக்க ஒன்றுமில்லாத நாளிலும் அம்மா அடுப்பைப் பற்றவைத்து, வெறும் தண்ணீரை உலையில் ஏற்றுவாள். புகை வந்தால்தான் இந்த வீட்டிலும் சோறு பொங்குகிறது என்று தெரு நினைக்கும். நாங்கள் புகையைப் போட்டுப் பசியை மூடினோம். இவர்களோ புகையைப் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பெண்குழந்தையோடு திரும்பியபோது ஐயா, அதாவது என் அப்பா, ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார். ஒரே ஒரு மழைக்காலம் பார்ப்பாராம். பிள்ளைக்கு மலை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னையும் பிள்ளையையும் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். மருமகன் கீழ்நாட்டில் வேலை தேடிக்கொண்டு வரட்டுமாம். சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிற மனிதர் அவர். வைகாசிக் கடைசியில் தொடங்குகிற இடவப்பாதி மழை பிடித்து அடிக்கிற நாளில், சொன்னபடியே வந்து சேர்ந்தார். அவர் வந்த அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைக்கு மார்ச்சளி. மூச்சு விடும்போது நெஞ்சில் கர்ரென்று சத்தம். தொட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் இறங்கிவிடுவோம் என்றார். எனக்குப் பிள்ளைக்காகப் பயமும் இருந்தது, இந்த வீட்டை விட்டுப் போக மனமும் இல்லை. என் வீட்டுக்காரர் அரிசி வாங்கச் சந்தைக்கு இறங்கியவர், ஓடை பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டார்.

சாயங்காலம் காற்று திரும்பி அடித்தது. கூரையின் ஒரு பக்கம் பிய்ந்து, மழைத்தண்ணீர் நேராக அடுப்பில் விழுந்தது. சாம்பலுக்குள் மூடிவைத்திருந்த கனல் சீறி அடங்கிவிட்டது. தீப்பெட்டியைத் தேடி எடுத்தால் குச்சிமருந்து ஈரத்தில் கூழாகியிருந்தது. ஐயாவின் மடியில் இருந்த பெட்டியோ ஓடை தாண்டும்போதே நனைந்திருந்தது. வெற்றிலையில் எண்ணெய் தடவி வாட்டி நெஞ்சில் போடவேண்டும். வெற்றிலை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, வாட்ட நெருப்பில்லை. பிள்ளையின் கைகால் சில்லிட ஆரம்பித்தது. ஞானம்மாள் வீட்டுக்கு ஓடலாம் என்று எழுந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னொரு வீட்டில் போய் நெருப்புக் கேட்கக் கூடாது, அது அவர்கள் வீட்டு லட்சுமியைக் கேட்கிற மாதிரி என்று ஐயா தடுத்தார். இந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கவும் முடியாது, அவரிடம் விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதவருகே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா திடீரென்று கதவை அறைந்து சாத்தி, குறுக்குக்கட்டையைப் போட்டார். இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். மூடுபனிக்குள்ளிருந்து யேசுவடியான் வந்துகொண்டிருந்தார். மேலே துணியில்லை, இடுப்பில் சொட்டச் சொட்ட ஈர வேட்டி. கயிற்றில் உறி கட்டித் தொங்கவிட்ட மண்சட்டி, அதிலிருந்து புகை. சுடுகாட்டுக்குப் போகிறவன் கொள்ளிச்சட்டி தூக்கி வருகிற அதே கோலம். நோயில் கிடக்கிற பிள்ளையின் வாசலுக்கு அப்படி ஒருவர் வந்தால் நம் பக்கத்தில் யார்தான் பதறமாட்டார்கள்?

“போப்பா அங்குட்டு. இங்க யாரும் சாகல” என்று ஐயா உள்ளேயிருந்து கத்தினார்.

யேசுவடியானுக்குப் பின்னால் வந்த ஞானம்மாளின் குரல் கேட்டது. “ஆரு செத்தது? மக்கா, பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு?” மழைச்சத்தத்தில் ஐயா சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. அங்கேயே நின்று உரக்க ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டாள். அந்த அழுகுரல் ஜெபத்தைக் கேட்டு ஐயா இன்னும் வெலவெலத்துப் போனார். உள்ளே இருப்பவர் வெளியே சாவு வந்து நிற்கிறது என்று நினைக்கிறார். வெளியே நிற்பவர்கள் உள்ளே சாவு விழுந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நடுவில் ஒரு கதவு.

அது அடுப்புக்கான நெருப்பு என்று ஐயாவிடம் சொன்னேன்.

“சட்டிய உறியில கட்டி, ஈர வேட்டியோட வர்றான். அடுப்புக்குன்னு எவன் தாயி இப்படிக் கொண்டுவருவான்?”

வழுக்குச் சரிவில் ஏறுகிறவனுக்கு ஒரு கை வேரைப் பிடிக்கக் காலியாக இருக்கவேண்டும், அதற்குத்தான் உறி. மழையில் வருகிறவன் வேட்டி நனையாமல் எப்படி இருக்கும் என்றெல்லாம் பிறகுதான் விளக்கினேன். அப்போது அதற்கு நேரமில்லை. “பிள்ள குளுந்துக்கிட்டே வருது. நகருங்க ஐயா” என்றேன். பிறந்ததிலிருந்து அவரை நகரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நகர்ந்தார். கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

தலையில் கமுகம்பாளையில் செய்த தொப்பியோடு நின்ற ஞானம்மாள் முதலில் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் சட்டியை வாங்கினாள். தொப்பியை எடுத்து ஒழுகுகிற இடத்தில் முட்டுக் கொடுத்து, பரணிலிருந்து உலர்ந்த விறகை இழுத்து அடுப்பை மூட்டினாள். வெற்றிலையை வாட்டி வாட்டி அவள் கொடுக்க, நான் பிள்ளையின் நெஞ்சில் போட்டேன். சுக்குத் தண்ணீரில் துணியை நனைத்து உதட்டில் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கர்ரென்ற சத்தம் தணிந்து, பிள்ளை வாயைத் திறந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதுவிட்டேன்.

யேசுவடியான் உள்ளே வரவில்லை. “பாட்டா பயந்து போயிட்டாரு. நான் வெளியிலயே நிக்கேன்” என்று கூரைத்தண்ணீரில் நின்றார். அடுப்பு மூட்ட முடியவில்லை என்று இவர்களுக்கு யார் போய்ச் சொன்னது என்று ஐயா ஞானம்மாளிடம் கேட்டார்.

“ஆரும் சொல்லல்ல பாட்டா. கூரையில பொகை காணல்ல. அதான் வந்தோம்” என்றாள் ஞானம்மாள்.

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வெறும் தண்ணீரை உலையேற்றிய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், “உள்ள வாப்பா, நனையாத” என்று யேசுவடியானின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

காலையில் தம் மூட்டையை மட்டும் கட்டினார். சரிவில் இறங்கும்போது திரும்பித் திரும்பி எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த தைக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். மழை பொய்த்த வருஷம். பொழுது சாய்கிற நேரம், அடுப்படியில் வேலையாக இருந்தவள் பழக்கத்தில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தேன். எல்லாக் கூரையிலும் புகை. எதிர்வீட்டில் மட்டும் இல்லை. உலையில் வெறும் தண்ணீர் வைக்கக்கூட அந்த வீட்டில் அன்று தெம்பில்லை போலிருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. சட்டியில் கனலை அள்ளிக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த ஐயா என் கையைப் பார்த்தார், எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார். எழுந்து உள்ளே வந்து, தெரு பார்ப்பதற்கு முன் கதவை மெல்லச் சாத்தினார்.

“இங்க வேண்டாம் தாயி. நெருப்பக் கொண்டுபோனா அவுங்க பட்டினி தெருவுக்கே தெரிஞ்சுபோகும்” என்றார்.

சாத்திய கதவுக்கு முன்னால், சூடு ஏறிக்கொண்டிருந்த சட்டியை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நின்றேன்.