ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

காலை எட்டு இருபதுக்கு, பருத்திப்பட்டைத் தாண்டியதும், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. அடுத்த நிமிடமே பானெட் இடுக்குகளில் ஆவி கிளம்பியது. காரை ஓரங்கட்டினேன். பக்கத்தில் என் மகள், மடியில் ஹால் டிக்கெட். காட்டுப்பாக்கத்தில் அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஒன்பதரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

கணவர் வடக்கே வேலையிலிருந்த வருடங்கள் அவை. ஆவடி குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளியிருந்தவரிடம்தான் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தேன். அண்ணா என்று கூப்பிடுவேன். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ரேடியேட்டர் மூடியில மட்டும் கை வெக்காத தங்கச்சி, வெந்துடும். தண்ணிய நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே ஞாயிறுதோறும் காலையில் செம்போடு வருவார். ஊற்றுவார், காபி குடிப்பார், போவார். ஒருமுறை செம்புத் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறதே என்று என் மகள் கேட்டாள். துருப்பிடிக்காமல் இருக்க மருந்து என்றார். பெரியவரைக் குறுக்குக் கேள்வி கேட்காதே என்று நான் அவளை அதட்டினேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று கணவருக்குக் கடிதம் எழுதினேன்.

கடைசி இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. வரவிருந்த மே மாதம் ஓய்வு பெற்றதும் குடிபோக, சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்; அதைப் பார்க்கப் போயிருந்தார். முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

பானெட்டைத் தூக்கி எனக்குத் தெரிந்ததைப் பார்த்தேன். ஃபேன் பெல்ட் அறுந்திருக்கவில்லை. ரப்பர் குழாய்கள் சரியாக இருந்தன. ரேடியேட்டரின் கீழ் ஓரத்தில் மட்டும் நூல் போலத் தண்ணீர். எதிர்க் கடையிலிருந்து அண்ணா வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மூடியத் தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

பஸ் படிக்கட்டில் ஆள் தொங்க நிற்காமல் போனது. வந்த இரண்டு ஆட்டோக்களிலும் பள்ளிப் பிள்ளைகள் பிதுங்கினார்கள். பக்கத்துப் பங்ச்சர் கடைக்காரர் ஈரச் சாக்கோடு வந்தார்.

"வேணாம், எங்க அண்ணா வரட்டும்" என்றேன்.

"அவரு வர்ற வரிக்கும் பாப்பா இங்கியே குந்திகினு பரீச்ச எழுதுமா?"

ஆவி அடங்கியதும் மூடியைச் சாக்கால் பிடித்துத் திருகினார். உள்ளே மஞ்சள் சேறு. விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, ரேடியேட்டர்ல கொயம்பு வெச்சிகீற?"

மஞ்சள் தூள். ஓட்டையை அடைத்து, ஒழுகுவது தெரியாமலிருக்கப் போடுவார்களாம்.

"விக்கறவன் ஒரு தபா போடுவான். இது வாரா வாரம் போட்டுகினே வந்துகீறாங்க. உள்ள தண்ணி ஓடற வழியே அடச்சிகினு கீது. இன்னிக்கி இது நவுராது."

வாரா வாரம். வேறு யாராவது அந்த மூடியைத் திறந்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். யாராவது ஒருவர் நினைவுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. வரவில்லை. மே வரைக்கும் வண்டி நிற்காமலிருந்தால் போதும், அதற்குத்தான் அந்தச் செம்பு. அவர் ஏமாற்றியதைவிட, என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே ஏமாற்றியதுதான் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

மகள் அழவில்லை. ஹால் டிக்கெட்டின் ஓரம் மட்டும் அவள் விரல் வேர்வையில் நைந்திருந்தது.

எட்டு ஐம்பதுக்கு அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் திறந்திருந்த ரேடியேட்டரைப் பார்த்தார், பங்ச்சர் கடைக்காரரின் மஞ்சள் விரலைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இன்ஜினை அணைக்காமலே சொன்னார்:

"சாயங்காலம் வந்து நிக்கறேன், என்ன வேணா கேளு தங்கச்சி. இப்ப பாப்பாவ பின்னால ஏத்து."